67,200 கண்ணி: ஒரு பெரிய பின்னல் வேலையைப் பாதியில விடாம முடிக்கிறது எப்படி?

(எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியும் திருத்தியும் கொடுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஸ்வெட்டர், போர்வை, நூல், ஊசி பத்திப் பேசப் போறோம். விருதுநகர் மாவட்டத்துல இருந்துக்கிட்டு ஸ்வெட்டரா, அங்க அடிக்கிற வெயிலுக்கு மேல் சட்டையே அதிகம்னு நீங்க சிரிக்கிறது எனக்குக் கேக்குது. சிரிச்சு முடிச்சுட்டு வாங்க.

முதல்ல ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துடுறேன். சிவகாசிப் பக்கம் ஒருத்தர் "நான் பின்னுற வேலைக்குப் போறேன்"னு சொன்னா, அவங்க ஸ்வெட்டர் பின்னல. சரவெடி பின்னுறாங்க. சின்னச் சின்ன வெடியோட திரியை நூலோட சேர்த்து, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு வச்சு, ஜடை பின்னுற மாதிரி பின்னிக்கிட்டே போகணும். ஆயிரம் வாலா, அஞ்சாயிரம் வாலா, பத்தாயிரம் வாலான்னு நீங்க வாங்கிக் கொளுத்தினது எல்லாம் அப்படி விரல்ல பின்னினதுதான். பெரும்பாலும் பெண்கள். எங்க சித்தி கிட்டத்தட்ட இருபது வருஷம் அந்த வேலை பார்த்தாங்க. பேசிக்கிட்டே, பார்க்காமலே பின்னுவாங்க, எண்ணிக்கை தப்பாது.

2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்குல ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. பேரியம் உப்பு சேர்க்கக் கூடாது, ஒண்ணோட ஒண்ணு சேர்த்துக் கட்டின சரவெடி கூடாதுன்னு. காத்து மாசு, சத்தம், குப்பை மூணுமே அதுல அதிகம்ங்கிறது காரணம். அந்தக் காரணத்தோட நான் சண்டை போடப் போறதில்ல. ஆனா ஒரு ஊர்ல ஆயிரக்கணக்கான பேரோட விரல் கத்துக்கிட்ட ஒரு திறமைக்கு அன்னைக்கு வேலை போச்சு. அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் பல மாசம் ஆலைகளே மூடிக் கிடந்துச்சு. திறந்தப்போ சித்திக்குப் பெட்டி போடுற பிரிவுலதான் இடம் கிடைச்சுது. இதை ஏன் சொல்றேன்னா, இந்த எபிசோட்ல பாதி விஷயம் எனக்குச் சித்தி சொல்லிக் கொடுத்தது. அவங்களுக்கே அது தெரியாது.

நான் பின்ன ஆரம்பிச்சது 2020 ஊரடங்குல. வீடியோ பார்த்து நிட், பர்ல் ரெண்டும் கத்துக்கிட்டேன். ரெண்டு மாசத்துல திமிர் வந்துடுச்சு. கொடைக்கானல் போறோம், அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னித் தர்றேன்னு கிளம்பிட்டேன். அப்பாவுக்கு மார்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டர். நூல் சுத்தியிருந்த தாள்ல 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணின்னு போட்டிருந்துச்சு. அப்போ 200 கண்ணி. சரியான கணக்குதானே? ஊசியில 200 கண்ணி ஏத்திப் பின்னிட்டேன். முடிச்சுப் பார்த்தா அப்பாவுக்குக் கை நுழையுது, உடம்பு நுழையல. அந்த ஸ்வெட்டர் இப்போ எட்டாவது படிக்கிற எங்க மாமா பையன்கிட்ட இருக்கு.

என்ன தப்பு? நான் பின்னுறப்போ 10 சென்டிமீட்டருக்கு 20 இல்ல, 22 கண்ணி விழுது. என் கை கொஞ்சம் இறுக்கம். 200-ஐ 22-ஆல வகுத்துப் பத்தால பெருக்குங்க: 91 சென்டிமீட்டர்கூட வரல. பத்து சென்டிமீட்டருக்கு ரெண்டே ரெண்டு கண்ணி வித்தியாசம், மொத்த உடம்புல ஒன்பது சென்டிமீட்டரைத் தின்னுடுச்சு. இதுக்குத்தான் 'கேஜ்'னு பேரு. வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடி அதே நூல்ல, அதே ஊசியில, அதே டிசைன்ல ஒரு சின்னச் சதுரம் பின்னிப் பார்க்கணும். மாதிரித் துண்டு. குறைஞ்சது 15 சென்டிமீட்டர் இருக்கணும். ஓரத்துல இருக்கிற கண்ணி எப்பவும் கோணலா இருக்கும், அதனால நடுவுல இருக்கிற 10 சென்டிமீட்டரைத்தான் அளக்கணும். அதைவிட முக்கியம், துவைச்சுக் காய வச்சுட்டு அளக்கணும். பருத்தி நூலா இருந்தா துவைச்ச அப்புறம் தன் கனத்துக்கே கீழ இழுத்துத் தொங்கும். துவைக்காத துண்டு பொய் சொல்லும்.

மாதிரித் துண்டு பின்னச் சொன்னா நிறைய பேருக்குக் கடுப்பு வரும். எனக்கும் வரும். ஆனா எங்க ஊர்ல அச்சகத்துல வேலை பார்க்கிறவங்களைக் கேளுங்க. லட்சம் காலண்டர் ஓடப் போகுதுன்னா, முதல்ல நாலு தாள் ஓட்டி, நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காருதான்னு பார்க்காம ஒருத்தரும் மெஷினை முழு வேகத்துல விட மாட்டாங்க. அந்த நாலு தாள் வீண்னு யாரும் சொன்னதில்ல.

சரி, இப்போ விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போயிருந்தேன். சிவகாசியில ஆடி 18 தெரியும்ல? அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளைப் பூஜை போட்டு வெளியிடுற நாள். ஜனவரி ஒண்ணாம் தேதி உங்க வீட்டுச் சுவத்துல மாட்டுறதை அவங்க ஆகஸ்ட்லயே கையில வச்சிருப்பாங்க. பட்டாசும் அப்படித்தான், ஒரு தீபாவளி முடிஞ்ச கொஞ்ச நாள்லயே அடுத்த தீபாவளிக்கு வேலை தொடங்கிடும். கடைசித் தேதியில இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வர்றது எங்க ஊர்ல தனியா கத்துக்க வேண்டிய விஷயமே இல்ல. எனக்கு மட்டும் ஏனோ அது வரல.

அன்னைக்குத்தான் அக்கா மாசமா இருக்கிற செய்தி தெரிஞ்சுது. மார்கழியில பிரசவம். குழந்தைக்கு ஒரு போர்வை பின்னித் தர்றேன்னு வாயை விட்டுட்டேன். 100-க்கு 120 சென்டிமீட்டர், நடுவுல ஓட்டை ஓட்டையா லேஸ் டிசைன். நான் அதுவரைக்கும் லேஸ் பின்னினதே இல்ல.

இங்கதான் ஒரு விஷயம் சொல்லணும். பெரிய வேலை பாதியில நிக்கிறதுக்கு, கண்ணி கஷ்டமா இருக்கிறது பெரும்பாலும் காரணமே இல்ல. லேஸ்ங்கிறது நாலைஞ்சு அசைவுதான், ஒரு ஞாயித்துக்கிழமையில கத்துக்கலாம். நிக்கிறதுக்குக் காரணம் நூல் பத்தாம போறது, எந்த வரியில இருக்கோம்னு மறந்து போறது, 'இன்னும் எவ்வளவுதான் இருக்கு'ன்னு தெரியாமலே அலுத்துப் போறது. மூணையும் உட்கார்ந்து ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டாலே பாதி தீரும்.

எண்ணிப் பார்ப்போமா?

என் மாதிரித் துண்டுல, துவைச்ச அப்புறம், 4 மில்லிமீட்டர் ஊசியில 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி, 28 வரி வந்துச்சு. (அப்பா ஸ்வெட்டருக்கு அப்புறம் கை கொஞ்சம் தளர்ந்திருக்கு.) அப்போ 100 சென்டிமீட்டர் அகலத்துக்கு 200 கண்ணி, 120 சென்டிமீட்டர் நீளத்துக்கு 336 வரி. பெருக்கினா 67,200 கண்ணி. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ஆனா அப்படியே விட்டுடாதீங்க, நேரமா மாத்துங்க. போன்ல டைமர் வச்சுப் பார்த்தேன், நிமிஷத்துக்குச் சுமாரா 25 கண்ணி பின்னுறேன். 67,200-ஐ 25-ஆல வகுத்தா 2,688 நிமிஷம். 45 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தா 60 தடவை.

அறுபது நாளா? ஆடியில இருந்து மார்கழிக்கு நாலு மாசத்துக்கு மேல இருக்கே, ரெண்டு மடங்கு நேரம்னு நினைச்சேன். அங்கதான் ஏமாந்தேன். வேலைக்குப் போற ஆள் தினமும் பின்ன முடியாது. உண்மையைச் சொன்னா வாரத்துக்கு நாலு நாள். அப்போ 60 தடவைங்கிறது 15 வாரம். மாதிரித் துண்டு பின்னி, துவைச்சு, நூல் ஆர்டர் போட்டு வாங்க ரெண்டு வாரம். கடைசியில இணைக்க, நூல் முனைகளைச் செருக, துவைச்சு விரிச்சுக் காய வைக்க ரெண்டு வாரம். மொத்தம் 19 வாரம். கையில இருந்ததும் சரியா 19 வாரம். தீபாவளி வாரத்துல எங்க வீட்ல யாரும் எதுவும் பண்ண மாட்டாங்கங்கிறதை இன்னும் கழிக்கவே இல்ல.

அடுத்து நூல் எவ்வளவு வேணும்? இதுக்கும் மாதிரித் துண்டே போதும். சமையல் தராசுல வச்சு எடை போடுங்க. என்னோடது 15-க்கு 15 சென்டிமீட்டர், அதாவது 225 சதுர சென்டிமீட்டர், எடை 9 கிராம். போர்வை 12,000 சதுர சென்டிமீட்டர். வகுத்தா 53 துண்டுக்கு மேல. ஒன்பதால பெருக்கினா 480 கிராம். ஓரம், இணைப்பு, பிரிச்சுப் பின்னுறதுல வீணாகுறதுன்னு எல்லாம் சேர்த்து 580 கிராம்னு கணக்கு வச்சு, 50 கிராம் உருண்டை 12 வாங்கினேன். ஒரே நாள்ல, ஒரே கடையில, ஒரே லாட் நம்பர்ல. நூல் சுத்தின தாள்ல கலர் நம்பர் பக்கத்துலயே லாட் நம்பர் இருக்கும். ஒரே 'கிரீம்' கலர்தான், ஆனா வேற லாட்னா வேற தொட்டியில சாயம் போட்டது. கையில பார்க்கிறப்போ தெரியாது. பின்னி விரிச்சா போர்வையில பாதி வெயில்ல காஞ்ச மாதிரி ஒரு கோடு தெரியும். நூல் பத்தலைன்னு மூணு மாசம் கழிச்சுப் போனா அதே லாட் கிடைக்காது.

ஏன் பருத்தி நூல்னு கேப்பீங்க. நம்ம ஊர்க் கடையில 'உல்லன் நூல்'னு கேட்டா கிடைக்கிறது பெரும்பாலும் கம்பளியே இல்ல, அக்ரிலிக். விலை குறைவு, கலர் அழகு. ஆனா பட்டாசு ஊர்ல வளர்ந்தவங்களுக்கு ஒரு பயம் உண்டு. அக்ரிலிக், நைலான் எல்லாம் தீப்பொறி பட்டா உருகும், உருகித் தோல்ல ஒட்டும். பருத்தியும் பத்திக்கும்தான், அதனால எந்தத் துணியையும் மத்தாப்பு பக்கம் கொண்டு போகாதீங்க. ஆனா பருத்தி உருகி ஒட்டாது. பட்டாசு ஆலையில மருந்து கையாளுறவங்க பருத்தி உடை போடுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு: செயற்கை இழைத் துணி உரசினா நிலைமின்சாரம் வரும், அந்தப் பொறியே போதும். "குழந்தைக்குப் போடுறது, பருத்தியில பண்ணு"ன்னு சித்தி சொன்னப்போ நான் வேற எதையும் யோசிக்கல.

ஒரு சின்னக் கிளைக்கதை. "ராஜபாளையம், அருப்புக்கோட்டைப் பக்கம் இத்தனை நூல் மில் இருக்கு, நீ ஏன் ஆன்லைன்ல வாங்குற?"ன்னு அண்ணன் கேட்டான். நியாயமான கேள்வி. மில் நூலை 'கவுன்ட்'ல சொல்வாங்க. ஒரு பவுண்டு எடையில 840 கஜம் இருந்தா 1-ஆம் நம்பர். 10-ஆம் நம்பர்னா ஒரு பவுண்டுல 8,400 கஜம். அதாவது 100 கிராமுக்குச் சுமார் 1,690 மீட்டர். நான் பின்னுற நூல் 100 கிராமுக்கு 210 மீட்டர் பக்கம். அப்போ 10-ஆம் நம்பர் நூலை எட்டு இழை சேர்த்துப் பிடிச்சா என் நூலோட பருமன் வந்துடும். கணக்கு சரியா வருது, நான் பின்னியும் பார்த்தேன். ஆனா முறுக்கு இல்லாம எட்டு இழையும் தனித்தனியா கிடக்கிறதால ஊசி முனை ரெண்டு இழைக்கு நடுவுல பூந்துடும். லேஸுக்குச் சரிப்படல. சாதா பை, சமையலறைத் துணிக்குத் தாராளமா பண்ணலாம்.

இப்போ வேலையை எப்படிப் பிரிக்கிறது? 200 கண்ணியும் ஒரே ஊசியில, ஒரே துண்டா பின்னினா, ரெண்டு மாசத்துல மடியில அரை கிலோ துணி கிடக்கும். நான் பின்னுறதே ரயில்லயும் பஸ்லயும்தான். அதனால 20 சென்டிமீட்டர் அகலத்துல அஞ்சு பட்டையாப் பின்னி இணைக்கலாம்னு முடிவு பண்ணினேன்.

இந்த யோசனையைச் சொந்தமா கண்டுபிடிச்சேன்னு சொல்ல மாட்டேன். இதைவிடப் பெரிய கணக்கை நம்ம சென்னையிலயே போட்டிருக்காங்க. 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்'னு ஒரு குழு, சுபஸ்ரீ நடராஜன் தொடங்கினது. 2016 ஜனவரி 31-ஆம் தேதி உலகத்துலயே பெரிய குரோஷே போர்வைன்னு கின்னஸ் சாதனை வச்சாங்க. பரப்பளவு 11,148.5 சதுர மீட்டர். (குரோஷேன்னா கொக்கி ஊசி ஒண்ணு, நிட்டிங்னா ரெண்டு நேர் ஊசி. திட்டம் போடுறதுல ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல.) ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர், அப்போ இது ரெண்டே முக்கால் ஏக்கர் போர்வை! இதை ஒருத்தர் உட்கார்ந்து பின்ன முடியுமா? இந்தியா முழுக்க, வெளிநாட்டுலயும்கூட, அவங்கவங்க வீட்ல சதுரம் சதுரமாப் பின்னி அனுப்பினாங்க, எல்லாத்தையும் சேர்த்து இணைச்சாங்க. அடுத்த வருஷமே சுமார் 14 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கழுத்துத் துண்டு பண்ணினாங்க.

நான் அதுல ஆச்சரியப்படுறது பின்னினதை இல்ல, அளவை. பார்த்தே இராத அத்தனை பேர், அத்தனை விதமான கை இறுக்கம், எல்லாரோட சதுரமும் பக்கத்துல பக்கத்துல உட்காரணும். அப்படின்னா 'இத்தனை வரி பின்னுங்க'ன்னு சொல்லக் கூடாது, 'இந்த அளவு வர்ற வரைக்கும் பின்னுங்க'ன்னு சொல்லணும். இந்த ஒரு வித்தியாசம் எனக்கு அப்புறம் எப்படிக் கைகொடுத்துச்சுன்னு சொல்றேன்.

பட்டையாப் பிரிக்கிறது இலவசம் இல்ல. ஒவ்வொரு பட்டைக்கும் தையலுக்குன்னு ரெண்டு பக்கமும் ஒரு கண்ணி கூடுதலா வேணும். அஞ்சு பட்டைக்குப் பத்துக் கண்ணி, 336 வரிக்கு 3,360 கண்ணி. ரெண்டே கால் மணி நேரம் கூடுதல் வேலை. இணைக்கிறது தனி. ஆனா ஒரு பட்டை கெட்டுப் போனா அந்தப் பட்டையைத்தான் பிரிக்கணும், மத்த நாலும் பத்திரம். இதைச் சித்திகிட்ட சொன்னப்போ அவங்க சாதாரணமா, "எங்க ஷெட்டைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்க மாதிரி"ன்னாங்க. பட்டாசு ஆலையில ஒரு அறைக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், அடுத்த அறை இவ்வளவு தூரத்துலதான்னு சட்டமே இருக்கு. ஒண்ணுல ஆனா இன்னொண்ணுக்குப் போகக் கூடாதுன்னு. போர்வையோட ஒப்பிடக் கூடாத விஷயம் அது. சித்தி ஒப்பிட்டாங்க, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

சித்தி வந்த கதை

நவராத்திரிக்குள்ள ரெண்டு பட்டை முடிஞ்சிருக்கணும். ஒண்ணரைதான் முடிஞ்சிருந்துச்சு. ஊருக்குப் போனப்போ சித்தி பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "இங்கன கொடு பாப்பா"ன்னு வாங்கினாங்க. நிட், பர்ல் ரெண்டையும் ஒரே சாயங்காலத்துல பிடிச்சுட்டாங்க. எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

சந்தோஷமா ஓரத்துல வர்ற சாதாப் பட்டை ரெண்டையும் அவங்ககிட்ட கொடுக்கலாம்னு பார்த்தா, கேஜ் இடிக்குது. அதே 4 மில்லிமீட்டர் ஊசி, அதே நூல், எனக்கு 20 கண்ணின்னா அவங்களுக்கு 23. இருபது வருஷம் திரியை இறுக்கிப் பின்னின கை தளரவே தளராது. அவங்க 40 கண்ணி பின்னினா 20 சென்டிமீட்டருக்குப் பதிலா பதினேழரைகூட வராது. "தளர்வாப் பின்னுங்க"ன்னு சொல்றதுல பிரயோஜனம் இல்ல. நாலு வரி தளர்வா வரும், பேச்சு சுவாரசியமானதும் பழையபடி இறுகிடும். கையை மாத்தாதீங்க, ஊசியை மாத்துங்க. 4.5 மில்லிமீட்டர் ஊசி கொடுத்தேன், 21 வந்துச்சு. அப்போ 20 சென்டிமீட்டருக்கு 42 கண்ணி. தையல் கண்ணி ரெண்டு, மொத்தம் 44. அகலம் தீர்ந்துச்சு.

நீளம்? எனக்கு 336 வரி, அவங்க கைக்கு 120 சென்டிமீட்டர் வர 354 வரி. இங்கதான் அந்தச் சென்னைப் போர்வை ஞாபகம் வந்துச்சு. வரியை எண்ண வேண்டாம், டேப் வச்சு அளந்து 120 வந்ததும் நிறுத்துங்கன்னு சொல்லிட்டேன். இணைக்கிறப்போ 18 வரி வித்தியாசத்தை எங்கயாவது ஒரே இடத்துல தள்ளினா துணி சுருங்கும். அதனால சுமார் இருபது வரிக்கு ஒரு தடவை அவங்க பக்கம் ரெண்டு வரியைச் சேர்த்து எடுத்து, என் பக்கம் ஒண்ணோட தைச்சேன். கண்ணுக்கே தெரியாது.

நடுப் பட்டைகள் லேஸ். 16 வரிக்கு ஒரு டிசைன் திரும்ப வரும். 336-ஐ 16-ஆல வகுத்தா சரியா 21 தடவை. இப்படி மீதி இல்லாம வகுபடுற மாதிரி தொடக்கத்துலயே அளவைத் திருத்திக்கோங்க. இல்லைன்னா கடைசிப் பூ பாதியில வெட்டுப்பட்டு நிக்கும். லேஸுக்கு ஒரு உயிர்க்காப்பு உண்டு: ஒவ்வொரு 16 வரி முடிஞ்சதும், தையல் ஊசியில வேற கலர்ல வழவழப்பான மெல்லிய நூல் ஒண்ணைக் கோத்து, ஊசியில இருக்கிற எல்லாக் கண்ணி வழியாவும் இழுத்து விட்டுடுங்க. மேல எங்க தப்பு பண்ணினாலும் ஊசியை உருவிட்டு அந்த நூல் வரைக்கும் தைரியமா பிரிக்கலாம், அதுக்குக் கீழ போகாது. ஒன்பதாவது பூவுல ஒரு கண்ணி நழுவினதை நான் பன்னிரண்டாவது பூவுலதான் பார்த்தேன். அந்தக் கலர் நூல் மட்டும் இல்லைன்னா இந்த எபிசோடே கிடையாது. சித்தி இதைப் பார்த்துட்டு, "நாங்க நூத்துக்கு ஒரு துண்டுப் பேப்பர் சொருகுவோம்"னாங்க.

எந்த வரியில இருக்கோம்னு எழுதி வைக்க ஆப் இருக்கு, எண்ணுற கருவி இருக்கு. 2007-ல தொடங்கின 'ராவெல்ரி'ங்கிற தளத்துல நூல், ஊசி, வரி எல்லாத்தையும் பதிஞ்சு வைக்கலாம். மத்தவங்க அதே டிசைனைப் பின்னினப்போ எங்க மாட்டினாங்கன்னும் பார்க்கலாம், அதுதான் ரொம்பப் பயன். நான் எக்ஸெல்ல அழகா ஒரு ஷீட் போட்டேன். ரெண்டு வாரம் நிரப்பினேன், அப்புறம் திறக்கவே இல்ல. கடைசியா நின்னது தினசரிக் காலண்டர் தாள்தான். கிழிச்ச தாளோட பின்பக்கம் அன்னைக்கு எத்தனை வரி, எங்க பிரிச்சேன், எந்த ஊசின்னு எழுதிப் பையில போட்டுடுவேன். முன்பக்கம் தேதி ஏற்கெனவே இருக்கு! பின்னுற பையில பேனாவும் அந்தத் தாளும் எப்பவும் இருக்கும். எது உங்க கைக்கு எட்டுதோ அதுல எழுதுங்க. ஆனா ஊசி மில்லிமீட்டரையும் லாட் நம்பரையும் எழுதாம விடாதீங்க.

நம்ம தென்மாவட்டத்துக்கு இந்தக் காகிதப் பழக்கம் புதுசும் இல்ல. நாகர்கோவில்ல 1820-கள்ல மால்ட் என்ற மிஷனரியோட மனைவி பெண்களுக்கு லேஸ் பின்னக் கத்துக் கொடுத்தாங்க. அவங்க மகள் எலைசா, கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணி இடையன்குடிக்கு வந்தப்போ அந்த வேலை அங்கயும் வந்துச்சு. ஆமா, திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் எழுதின அதே கால்டுவெல். அந்த லேஸ் திண்டுல ஊசி குத்தி, சின்னக் கட்டைகள்ல நூலைச் சுத்திப் பின்னுறது. டிசைன் மொத்தமும் ஒரு அட்டையில ஓட்டை ஓட்டையா முதல்லயே குத்தி இருக்கும். அந்த அட்டையைத் திண்டுல வைக்காம ஒரு நூலைக்கூட நகர்த்த முடியாது.

ஸ்வெட்டர் பக்கம் ஒரே ஒரு வார்த்தை. அளவு கணக்குல பயந்து ஒதுங்கியிருக்கீங்கன்னா எலிசபெத் ஸிம்மர்மேன்ங்கிற பேரைத் தேடுங்க. இங்கிலாந்துல பிறந்து அமெரிக்காவுல வாழ்ந்தவங்க, 1971-ல 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்'னு ஒரு புத்தகம் எழுதினாங்க. அவங்க சொன்ன வழி, உடம்போட மொத்தக் கண்ணியை 100 சதவீதம்னு வச்சுக்கோ, மணிக்கட்டு அதுல 20 சதவீதம், கழுத்து 40 சதவீதம்னு எல்லாத்தையும் அந்த ஒரே எண்ணுல இருந்து எடுக்கிறது. அப்பாவோட ரெண்டாவது ஸ்வெட்டர் இப்போ அந்தக் கணக்குலதான் ஊசியில இருக்கு. அதைத் தனி எபிசோடா பேசலாம்.

போர்வைக்கு வர்றேன். சித்தி ஒரு நாள் காலண்டர் தாளையெல்லாம் வாங்கிக் கூட்டிப் பார்த்தாங்க. எண்ணிக்கைன்னா அவங்களுக்கு இருக்கிற ஆசை அப்படி. மாதிரித் துண்டு, பிரிச்சது, இணைச்சது எல்லாம் சேர்த்து 71 மணி நேரம் வந்துச்சு. "இதை வித்தா என்ன கொடுப்பாங்க?"ன்னு கேட்டாங்க. மணிக்கு நூறு ரூபான்னு வச்சாலே 7,100, அதுக்கு மேல நூல் விலை. விசைத்தறிப் போர்வை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற நாட்டுல அதை யார் வாங்குவா? நான் 'ஹாபி'ன்னு சொல்றது, காசு வராத 71 மணி நேரம் என்கிட்ட இருக்குங்கிறதைத்தான். சித்திகிட்ட அப்படி ஒரு 71 மணி நேரம் எப்பவும் இருந்ததில்ல. இத்தனை சரவெடிக்கு இவ்வளவுன்னு கணக்குப் பண்ணிக் கூலி வாங்கின விரல் அது. நான் பதில் சொல்லத் திணறினதைப் பார்த்துட்டு, "சரி விடு, நம்ம புள்ளைக்குத்தானே"ன்னு அவங்களே பேச்சை மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் யாராவது "இதை ஆன்லைன்ல விக்கலாமே"ன்னு சொன்னா எனக்குச் சட்டுனு எரிச்சல் வருது.

மருமகன் யாருக்கும் சொல்லாம ஒரு வாரம் முன்னாடியே வந்துட்டான். அன்னைக்கு நாலு பட்டை இணைச்சிருந்துச்சு, சித்தியோட ரெண்டாவது பட்டை இன்னும் 30 சென்டிமீட்டர் பாக்கி. அதனால ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்போ 80 சென்டிமீட்டர் அகலப் போர்வைதான் போர்த்தினோம். அவன் இருக்கிற சைஸுக்கு அதுவே தாராளம். நாற்பதாம் நாள்தான் அஞ்சாவதையும் சேர்த்தேன். தொடக்கத்துல கணக்குப் போட்ட 19 வாரத்துல, மிச்சம்னு ஒரு வாரம்கூட வைக்காம விட்டது என் தப்பு. இப்பல்லாம் மொத்த வாரத்துல நாலுல ஒரு பங்கை எதுக்கும் ஒதுக்காம விட்டுடுறேன்.

பன்னிரண்டு உருண்டையில ஒண்ணு முழுசா மிஞ்சுச்சு. அதைச் சித்தி எடுத்து வச்சிருக்காங்க, 4.5 மில்லிமீட்டர் ஊசியும் அவங்ககிட்டதான் இருக்கு. போன வாரம் வீடியோ கால்ல பார்த்தேன், கிரீம் கலர்ல என்னமோ மடியில கிடந்துச்சு. என்னன்னு கேட்டா, "நீ வேலையைப் பாரு"ங்கிறாங்க.